ரப்பர் பால் ஊற்றினால் ரோடு நிற்குமா? வாசகர் கேள்வி பதில்

தாருக்கு மாற்றாக என்னென்ன சோதித்துப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் கேட்டதற்குப் போன இதழில் நாலு வரி பதில் சொல்லி நகர்ந்துவிட்டேன். அது போதாது என்று குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ரப்பரும் முந்திரியும் இரண்டு பருவ மழையும் ஒரே இடத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள், கேட்கத்தான் செய்வார்கள். இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

ஐயா, எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. விலை ஒரு வருஷம் ஏறும், மூன்று வருஷம் படுத்துவிடும். தோட்டத்துப் பாலை அப்படியே தாரில் ஊற்றி ரோடு போட்டால் எங்களுக்கும் லாபம், ரோட்டுக்கும் லாபம்தானே? கேரளத்தில் போடுகிறார்களாமே, இங்கே ஏன் யோசிக்க மாட்டேன் என்கிறார்கள்?
குலசேகரம் வாசகர்

ரப்பரைத் தாரில் சேர்க்கலாம் அண்ணாச்சி, வாளியோடு கொண்டுபோய்க் கவிழ்க்கத்தான் முடியாது. மரத்திலிருந்து சிரட்டையில் இறங்குகிற பாலில் ரப்பர் என்று இருப்பது நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு, மீதி பெரும்பாலும் தண்ணீர். கலக்கிற நேரத்தில் தார் 150 டிகிரிக்கும் மேலே இருக்கும். அதில் தண்ணீர் விழுந்தால் அந்த நொடியே ஆவியாகி, தார் நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழியும், பக்கத்தில் நிற்பவன் கதி அதோ கதிதான். அதனால்தான் பாலைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி 60 சதவீதம் ரப்பராகக் கெட்டிப்படுத்தி, உறைந்துவிடாமல் அம்மோனியா சேர்த்து, அதைக் கலக்கிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். உலர்ந்த ரப்பர் ஷீட்டை நறுக்கிப் போட்டால் பொங்காது என்பது சரி, ஆனால் கரைய மணிக்கணக்கில் ஆகும். அவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் கிடந்தால் ரப்பரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலியே துண்டு துண்டாகிவிடும், அப்புறம் அது இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒழுங்காகக் கலந்தால் பலன் உண்டு. தார் இளகத் தொடங்குகிற வெப்பம் ஏறும், இழுத்து விட்டால் கொஞ்சமாவது திரும்பச் சுருங்கும், வண்டி ஏறி இறங்கும்போது பள்ளம் விழுவதும் வெடிப்பு விடுவதும் தள்ளிப்போகும். பொதுவாகத் தாரின் எடையில் 2 முதல் 4 சதவீதம் ரப்பர் சேர்ப்பார்கள்.

லாபம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.75 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் ஊராட்சிச் சாலை, மேலே 30 மில்லிமீட்டர் தார்க்கலவை என்று வைத்துக்கொள்வோம். கலவை ஏறக்குறைய 260 டன் வரும், அதில் 5 சதவீதம் தார் என்றால் 13 டன். அந்த 13 டன்னில் 3 சதவீதம் ரப்பர் என்றால் 390 கிலோ, தோட்டத்துப் பாலாகச் சொன்னால் சுமார் 1,100 லிட்டர். ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவுதான் போகும். மாவட்டம் முழுக்கப் போட்டால் தொகை பெரிதுதான், மறுக்கவில்லை, ஆனால் விலை விழுந்த ரப்பரை ரோடு வந்து தூக்கி நிறுத்தும் என்று யாராவது மேடையில் பேசினால் இந்தக் கணக்கை எடுத்து நீட்டுங்கள்.

கேரளப் பொதுப்பணித் துறை இயற்கை ரப்பர் கலந்த தாரைப் பயன்படுத்துவது உண்மைதான், கோட்டயத்தில் இருக்கிற ரப்பர் வாரியமும் அதை ஊக்குவித்துக்கொண்டே இருக்கிறது. மற்ற இடங்களில் தயக்கம் வருவதற்குப் பெரிய காரணம் போட்டிக்கு இருக்கிற பழைய டயர்த்தூள். அதுவும் ரப்பர்தான், விலை குறைவு, மதிப்பீடு போட்ட நாளுக்கும் வேலை தொடங்குகிற நாளுக்கும் நடுவில் விலை தாறுமாறாக எகிறாது. என்னைக் கேட்டால், பால் எடுக்கிற இடத்துக்கும் ரோடு போடுகிற இடத்துக்கும் ஒரு டிப்பர் தூரம்தான் என்கிற உங்கள் ஊரில் இயற்கை ரப்பரைச் சோதித்துப் பார்க்காமல் வேறு எங்கே பார்ப்பது? ஒரே சாலையில் ஒரு பாதி சாதாரணத் தார், மறு பாதி ரப்பர் தார், அதே கல், அதே ரோலர் என்று போட்டு, இரண்டு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். புது ரோட்டின் மேல் நின்று எடுக்கிற போட்டோவுக்கு மதிப்பே கிடையாது.

எங்கள் தெருவில் ரோடு போட்டபோது "ரப்பர் கலந்த தார்" என்றார்கள். பார்த்தால் எல்லாத் தாரையும் போல அதே கறுப்புதான். உண்மையிலேயே கலந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
குளச்சல் வாசகி

கண்ணால் முடியாது அம்மா. தரையில் கொட்டிய கலவையை வைத்து ஒருவர் "இது ரப்பர்தான்" என்று அடித்துச் சொன்னால் அவர் சும்மா சொல்கிறார். தார் டேங்கிலிருந்து எடுத்த சாம்பிள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும்.

அங்கே நடக்கிற சோதனைகளில் எனக்குப் பிடித்தது வளையமும் குண்டும். இரண்டு சின்னப் பித்தளை வளையங்களில் உருக்கிய தாரை ஊற்றி, ஆறியதும் மேலே துருத்துவதைச் சூடான கத்தியால் வழித்துவிட்டு, ஒவ்வொன்றின் மேலும் 3.5 கிராம் எஃகுக் குண்டு ஒன்றை வைத்துத் தண்ணீருக்குள் இறக்குவார்கள். தண்ணீரை நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடாக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் தார் மெல்லத் தொய்ந்து, குண்டைப் பையில் போட்ட மாதிரி தூக்கிக்கொண்டு கீழே இறங்கும், 25 மில்லிமீட்டர் இறங்கி அடித்தட்டைத் தொடுகிற நேரத்து வெப்பம்தான் இளகுநிலை. நம் ஊரில் பரவலாகப் புழங்குகிற விஜி 30 என்கிற வகைத் தாருக்கு அது குறைந்தது 47 டிகிரி இருக்க வேண்டும். ரப்பர் கலந்தது அதைவிடக் கணிசமாக மேலே நிற்கும்.

ஆனால் இளகுநிலையை மட்டும் காட்டி யாரும் தப்பிக்கலாம், கெட்டியான தாரை வாங்கி ஊற்றினாலே எண் ஏறிவிடும். ரப்பர் இருப்பதைக் காட்டிக்கொடுப்பது மீள்தன்மைச் சோதனை. 15 டிகிரித் தண்ணீரில் தாரை 10 சென்டிமீட்டருக்கு நூலாக இழுத்து, நடுவில் கத்தரித்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிடுவார்கள். சாதாரணத் தார் இழுத்த இடத்திலேயே செத்த பாம்பு போலக் கிடக்கும். ரப்பர் உள்ளது இரண்டு முனையும் பின்னால் வாங்கி நடுவில் இடைவெளி விடும், எவ்வளவு விடுகிறது என்பதுதான் மதிப்பெண்.

டயர்த்தூள் என்றால் இன்னொரு வில்லங்கம் உண்டு. டயர் ரப்பர் ஏற்கெனவே கந்தகம் போட்டுப் பதப்படுத்தியது, தாரில் முழுக்கக் கரையாது, தாரிலுள்ள இலகுவான எண்ணெயைக் குடித்து உப்பும். கலக்கிவிடாமல் டேங்கில் வைத்தால் மெதுவாக அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே இருக்கிற தாரை உறிஞ்சி ரோடு போட்டால் உங்கள் தெருவுக்கு வந்தது வெறும் தார்தான், ரப்பரெல்லாம் டேங்குக்கு அடியில்! இதற்கும் சோதனை இருக்கிறது. ஒரு நீளமான குழாயில் கலவையை ஊற்றி 163 டிகிரியில் 48 மணி நேரம் நிறுத்திவைத்து, உறையவைத்து மூன்று துண்டாக வெட்டி, மேல் துண்டுக்கும் அடித் துண்டுக்கும் இளகுநிலை எவ்வளவு வேறுபடுகிறது என்று பார்ப்பார்கள். ஆய்வகத்தில் அருமையாக இருந்த தார் சாலையில் சொதப்புவதற்கு இந்தப் பிரிதல் ஒரு முக்கியக் காரணம், ஆனால் அறிக்கைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நான் நாகர்கோவிலில் சிவில் இறுதியாண்டு மாணவன். புராஜெக்டுக்குப் பிளாஸ்டிக் கலந்து மார்ஷல் டெஸ்ட் செய்தேன், ஸ்டெபிலிட்டி நன்றாக ஏறியிருக்கிறது. "மாற்றுத் தார் வெற்றி" என்று எழுதிவிடலாமா சார்?

அவசரப்படாதே தம்பி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் வாசுதேவன் வழியில் செய்திருப்பாய் என்று நினைக்கிறேன். சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துணுக்கைத் தூவி உருகிப் படியவைத்து, அதற்கு மேல் தார். அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், முறைக்கு, சாலைகளுக்கு விதி வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2013இல் வழிகாட்டி நெறியே போட்டுவிட்டது. ஆகவே ஸ்டெபிலிட்டி ஏறும் என்பது நீ கண்டுபிடிக்க வேண்டிய விஷயமாக இனி இல்லை. இன்னொன்று, பிளாஸ்டிக் இங்கே தாரின் இடத்தில் ஒரு சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது, பெரும்பங்கு அதே பெட்ரோலியத் தார்தான். தலைப்பில் "மாற்று" என்று போடுவதற்கு முன் இதை யோசி.

மார்ஷலில் என்ன செய்கிறாய்? 60 டிகிரித் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்த தார்க்கலவை வில்லையை அமுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று பார்க்கிறாய், அதுதான் ஸ்டெபிலிட்டி. கெட்டியான எதைப் போட்டாலும் அந்த எண் ஏறும். ஏறியது உறுதியா, மொறுமொறுப்பா என்று அது சொல்லாது. ஃப்ளோ, அதாவது உடையும் வரை வில்லை எவ்வளவு நசுங்குகிறது என்கிற அளவு, 2 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருக்கிறதா என்று முதலில் பார், போயிருந்தால் சந்தோஷப்படுவதை நிறுத்திக்கொள்.

அப்புறம் உன் ஊருக்கு என்ன சோதனை வேண்டும் என்று யோசி. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, நடுவில் காய நேரமே கிடைக்காத ரோடுகள். இங்கே தாரைக் கொல்வது தண்ணீர். கலவையில் ஆறு வில்லை செய், எல்லாவற்றிலும் காற்றிடைவெளி சுமார் 7 சதவீதம் இருக்கட்டும். மூன்றை உலர்வாக வை. மூன்றை வெற்றிடத்தில் தண்ணீர் குடிக்கவைத்து, 60 டிகிரித் தண்ணீரில் ஒரு நாள் போட்டு எடு. இரண்டு கூட்டத்தையும் 25 டிகிரியில் பக்கவாட்டில் அமுக்கிப் பிளந்து பார். நனைந்ததன் வலிமை உலர்ந்ததன் வலிமையில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இதுதான் ஈர வலிமை விகிதம். அதே கல், அதே அளவு விகிதத்தில், பிளாஸ்டிக் இல்லாமலும் ஒரு ஆறு செய், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவாய்?

வயதையும் மறக்காதே. புதுத் தாரில் எல்லாமே நன்றாகத்தான் வரும். தாரைச் சுழலும் பாட்டில்களில் 163 டிகிரியில் 85 நிமிடம் காற்று ஊதிக் காய்ச்சினால் ஜல்லியோடு சூடாகக் கலக்கிற ஹாட் மிக்ஸ் பிளான்டைத் தாண்டி வந்த தார் கிடைக்கும். அதையே அழுத்தக் கலத்தில் 20 மணி நேரம் வைத்தால் பல வருஷம் வெயில் தின்ற தார் கிடைக்கும். இந்த இரண்டாவது கருவி உன் கல்லூரியில் இருக்காது. பரவாயில்லை, ஈரச் சோதனையை மட்டுமாவது ஒழுங்காகச் செய்து, எண் மோசமாக வந்தாலும் அதை அப்படியே எழுது, வைவாவில் அதற்குத்தான் மதிப்பு.

பிளாஸ்டிக் ரோடு போடும்போது வருகிற புகை விஷமா?
திங்கள்சந்தை வாசகி

எந்தப் பிளாஸ்டிக் என்பதைப் பொறுத்தது. கேரி பேக், பால் கவர் வகைகள் 160, 170 டிகிரியில் உருகும், எரியாது. பிவிசி மட்டும் உள்ளே வரவே கூடாது, சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி விடும், அதனால் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நெறியிலேயே அதற்குத் தடை. குப்பையைத் தரம் பிரிக்கிறவருக்குக் கையுறையும் நேரமும் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், பிவிசி உள்ளே போகிறதா இல்லையா என்பது அங்கேதான் முடிவாகிறது. ரோடு தேய்ந்து பிளாஸ்டிக் தூள் ஓடைக்குப் போகாதா என்கிற உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. மேலே எப்போதும் தார்ப்படலம் இருக்கிற வரை குறைவாகப் போகும், ரோடு பெயர்ந்தால் அதுவும் சேர்ந்து போகத்தான் செய்யும்.

எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ்கள் (முந்திரி ஆலைகள்) நிறைய. தோட்டிலிருந்து வரும் எண்ணெய் தார் மாதிரியே கறுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கிறது. அதையே ரோட்டுக்குப் போட முடியாதா?
மார்த்தாண்டம் வாசகர்

நல்ல கண் உங்களுக்கு. தோட்டு எண்ணெய் தாரின் இடத்தில் முழுசாக உட்காராது, அது ரொம்ப நீர்த்தது, ஜல்லியைப் பிடித்து நிறுத்துகிற வலு அதற்கு இல்லை. ஆனால் இரண்டு வேலைகளுக்கு உலகம் முழுக்க அதைச் சோதிக்கிறார்கள். ஒன்று, பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த காய்ந்த தாரை மறுபடி இளக்குவதற்கு. இன்னொன்றுதான் உங்கள் ஊருக்குத் தேவையானது: அந்த எண்ணெயிலிருந்து பிரிக்கிற கார்டனால் என்கிற வேதிப்பொருளை அமீன் என்கிற இன்னொரு வகைப் பொருளாக மாற்றி, தார் கல்லை விட்டு உரிந்து வராமல் இருக்கத் துளியளவு சேர்க்கிறார்கள். நம் பக்கத்து மலைக்கல் பெரும்பாலும் சிலிக்கா நிறைந்தது, அதற்குத் தாரைவிடத் தண்ணீரின் மேல் பிரியம் அதிகம், கொஞ்சம் இடம் கிடைத்தால் தாரைத் தள்ளிவிட்டுத் தண்ணீரை ஒட்டிக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பச்சை எண்ணெயில் அனகார்டிக் அமிலம் இருக்கிறது, தோலைப் பொசுக்கிவிடும். சாம்பலோ விளக்கெண்ணெயோ பூசிக்கொண்டு தோடு உடைக்கிற அக்காமார்களின் விரல்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த எண்ணெயைத் தார் டிரம்மில் ஊற்றி அடுப்பு மூட்டிச் சோதித்துப் பார்க்கிற வேலை வேண்டாம், புகை கண்ணையும் நெஞ்சையும் சேர்த்துப் பிடிக்கும்.

மரத்திலிருந்து தார் எடுத்து நேஷனல் ஹைவேயிலேயே போட்டுவிட்டார்களாமே, நிஜமா?
ஆரல்வாய்மொழி வாசகர்

நிஜம்தான், அதுவும் நம் கன்னியாகுமரியில் வந்து முடிகிற அதே 44ஆம் எண் சாலையில். 2024 டிசம்பரில் நாக்பூருக்குப் பக்கத்தில் மன்சரில், லிக்னின் கலந்த உயிரித்தாரில் ஒரு பகுதியைப் போட்டுத் திறந்தார்கள், மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனமும் அதில் உண்டு. லிக்னின் என்பது மரத்திலும் வைக்கோலிலும் நாரைப் பிணைத்து வைத்திருக்கிற பொருள், காகித ஆலையிலும் வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்கிற ஆலையிலும் மிஞ்சும். பழுப்புப் பொடியாக இருக்கும். தாரில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அதைச் சேர்க்கிறார்கள். முழுசாகத் தாரே இல்லாத ரோடு என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற தாரைக் குறைக்கலாம், வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவதையும் குறைக்கலாம் என்பதால் அரசுக்கு இதில் ஆர்வம்.

எனக்கும் ஆர்வம்தான். ஆனால் மே மாதம் 45 டிகிரி அடிக்கிற நாக்பூரில் தேறுவதும் குலசேகரத்தில் ரப்பர் மர நிழலில் நாள் முழுக்க ஈரமாகக் கிடக்கிற சாலையில் தேறுவதும் வேறு வேறு. லிக்னின் தாரைக் கெட்டிப்படுத்தும், வெயிலுக்கு அது நல்லது. ஆனால் அதன் மூலக்கூறில் தண்ணீரை இழுக்கிற பகுதிகளும் உண்டு. மாணவத் தம்பிக்குச் சொன்ன அந்த 80 சதவீதச் சோதனையை நம் ஊர்க் கல்லை வைத்துச் செய்து பார்க்கிற வரை நான் கை தட்ட மாட்டேன்.

எங்கள் வீட்டு முன் ரோடு ஒவ்வொரு மழைக்கும் பெயர்ந்து போகிறது. இந்தப் புதுத் தார்களில் எது போட்டால் நிற்கும்?
கருங்கல் வாசகர்

எதுவும் நிற்காது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ரோட்டோர ஓடையை மூடி வீடுகளுக்குப் படி கட்டியிருக்கிறார்கள், தண்ணீர் ரோட்டின் மேலேயே ஓடுகிறது. முதலில் ஓடையைத் திறக்கச் சொல்லுங்கள், ரோட்டுக்கு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் பெயர்ந்தால் தாரைப் பற்றிப் பேசலாம், அப்போதும் முதலில் கேட்க வேண்டியது கலவையில் நீற்றுச் சுண்ணாம்பு ஒன்றிரண்டு சதவீதம் சேர்த்தார்களா என்பதை. மலிவான சரக்கு, கல்லும் தாரும் ஒட்டுவதற்குப் பெரிய உதவி, யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தாரில் மண்ணெண்ணெய் கலக்கிறார்கள் என்கிறார்களே?
தக்கலை வாசகர்

கலந்தால் தீப்பற்று நிலை சோதனையில் மாட்டுவார்கள். விஜி 30 தார் 220 டிகிரிக்குக் கீழே தீப்பற்றக் கூடாது. மண்ணெண்ணெய் இருந்தால் அதற்கு வெகு முன்பே சுடரைக் காட்டியதும் பக்கென்று பிடிக்கும்.

இவ்வளவு சோதனை சொல்கிறீர்கள், அறிக்கையை எங்களைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா?
அருமனை வாசகி

தாராளமாக. 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் ஆவணத்தைப் பார்ப்பது மட்டும் இல்லை, வேலையை நேரில் பார்வையிடுவதும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை வாங்குவதும் உங்கள் உரிமை என்று இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும்.

மனுவில் "ரோடு தரமாகப் போடப்பட்டதா" என்று கேட்காதீர்கள், "ஆம்" என்று ஒரு வரியில் பதில் வரும். எந்த வகைத் தார், எந்தத் தேதியில் சாம்பிள் எடுத்தார்கள், டேங்கின் மேலிருந்தா அடியிலிருந்தா, இளகுநிலை, மீள்தன்மை, கலவையின் தார் சதவீதம், ஈர வலிமை விகிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஆய்வக அறிக்கையின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்த நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். சாம்பிள் எடுத்த தேதி ரோடு போட்டு முடித்த தேதிக்குப் பிறகு இருந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அடுத்த இதழில் அதைப் பற்றியே எழுதலாம்.